டோக்கன் ஒன்றுக்கு நாலரை லட்சம்

ஒரு தமிழ்ப் படம் முதல் நாளில் உலகம் முழுவதும் எத்தனை கோடி வசூலித்தது என்பது அதைத் தயாரித்தவருக்கே சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். விநியோகஸ்தர் சொல்வார், ஆனால் கேட்பது யார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். தென்காசியில் ஒரு தியேட்டரின் டூ வீலர் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சிவனணைந்தபெருமாளுக்கு மட்டும் சந்தேகமறத் தெரியும். அதுவும் மாலைக் காட்சிக்கு மணி அடிப்பதற்குள், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை தெரிந்துவிடும்.

இலஞ்சியில் பிறந்தவர். வயது நாற்பத்தாறு. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. அந்தப் படிப்புக்கு வேலை உண்டு என்று சொன்னவர்கள் எந்த ஊரில் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பாங்குப் பரீட்சை நாலு தடவை எழுதினார். நாலு தடவையும் கணக்கில் முழு மதிப்பெண்; ஆங்கிலத்தில் மட்டும் பாங்குக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஸ்டாண்டுக் குத்தகைக்கு வந்து சேர்ந்தார். படித்த படிப்பைச் சும்மா விட மனம் வராததால் அதையும் ஸ்டாண்டுக்குள் நிறுத்திக்கொண்டார்.

அவர் முறை எளிமையானது. வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் டோக்கன் கிழித்து, அடிக்கட்டையில் வண்டி நம்பரை முழுதாக எழுதிக்கொள்வார். மற்ற ஸ்டாண்டுக்காரர்கள் கடைசி நாலு எண்ணை எழுதுவதோடு சரி. முதல் இரண்டு வருடத்து அடிக்கட்டைகளையும், பிற்பாடு பல கைகள் மாறி வெளிவந்த நிஜ வசூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. தென்காசி ஸ்டாண்டில் முதல் நாள் விழும் ஒரு டோக்கன், உலக வசூலில் நாலரை லட்சம் ரூபாய். நியூ ஜெர்சி, கோலாலம்பூர், துபாய் எல்லாம் இந்த நாலரை லட்சத்துக்குள் அடக்கம். ஏன் அப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. புவியீர்ப்பு ஏன் என்று யாரும் கேட்பதில்லையே என்பது அவர் வாதம்.

ட்விட்டரில் (அதற்குப் பெயர் மாறியதைத் தென்காசி இன்னும் ஏற்கவில்லை) அவர் பெயர் ‘வேர்ல்டுவைடு பெருமாள்’. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். நாலு வருடத்தில் ஒருமுறைகூட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிசகியதில்லை. தொகையைக் கொஞ்சம் தூக்கிப் போடச் சொல்லிச் சென்னையிலிருந்து ஆள் வந்ததும் உண்டு. “வண்டிக்குப் பத்து ரூவா வாங்குதேன், அது போதும்” என்று அனுப்பிவிட்டார். ஐந்து சதவீதத்துக்குள் நிற்கும் அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து. அவர் மனைவி உமாராணி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். சம்பளம் வாங்கி வீட்டை நடத்துவது அவள்தான் என்பதால், இந்தச் சொத்தைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு.

“அமெரிக்காவுல எத்தன பேரு டிக்கெட் எடுத்தான்னு தெரியுது. வீட்டுல கேஸு தீந்து மூணு நாளாவுது, அது தெரியல உங்களுக்கு.”

“கேஸுக்கு டோக்கன் கிடையாதுலா, அதான்” என்பார் பெருமாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஜூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை ‘வெட்டுப்பாறை’ வெளியானது.

பெரிய நடிகர், பெரிய செலவு. டீசரைப் பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் பயந்திருந்தார்கள். பெருமாளின் சொந்தக் கணிப்பு இருபது கோடிக்குக் கீழே. ஆனால் அவர் கணிப்பை மதிக்கிறவர் இல்லை; டோக்கனைத்தான் மதிப்பார்.

காலை ஒன்பது மணிக் காட்சிக்கே ஸ்டாண்டு நிரம்பியது. பன்னிரண்டு மணிக்கு வண்டிகள் தெருவுக்கு வந்தன. மூன்று மணிக்குப் பக்கத்துப் பாத்திரக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் கத்தியது அவர் காதில் விழவில்லை. அவர் வண்டி நம்பர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி வண்டி, விருதுநகர் வண்டி, திருநெல்வேலி, சங்கரன்கோவில், எங்கோ மதுரைக்கு அந்தப் பக்கத்து வண்டி. நூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு படத்துக்கு ஆள் வருகிறது என்றால் அது படமில்லை, திருவிழா.

அதற்கு வேறு சாட்சியும் இருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் தலையிலும் உடம்பிலும் எண்ணெய் வழிய வந்தார்கள். தோளில் துண்டு, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியிலிருந்து மூக்குக்குச் சொட்டியது. பெருமாளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தலைவன் படம் வருகிற நாளைத் தீபாவளியாக நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! இந்த மாதிரி ரசிகர்களை நாலு வருடத்தில் அவர் கண்டதில்லை.

இடையில் உமாராணி மூன்று தடவை போன் செய்தாள். டோக்கன் கிழிக்கிற கையால் போன் எடுக்க முடியவில்லை.

மாலைக் காட்சிக்கு மணி அடித்தபோது ஆயிரத்து அறுநூற்று நாற்பது டோக்கன். அவர் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார். பிறகு போட்டார்: ‘வெட்டுப்பாறை முதல் நாள் உலக வசூல்: 73.80 கோடி. அதிசயம்.’ அதிசயம் என்ற வார்த்தையை அவர் அதற்கு முன் எந்தப் படத்துக்கும் போட்டதில்லை.

மறுநாள் காலையில் தியேட்டர் மேனேஜர் முகம்மது சலீம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முப்பது வருடமாக மேனேஜர். எந்தப் படத்தையும் ‘ஓடுது’, ‘நிக்குது’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறவர்.

“உள்ள வாரும்வே பெருமாளு. ஒம்ம அதிசயத்த வந்து பாரும்.”

விளக்கெல்லாம் போட்டிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகளும் பளபளவென்று மின்னின. சலீம் ஒரு நாற்காலியின் சாய்மானத்தில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பெருமாளின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“என்னதுவே இது?”

“எண்ணெய்.”

“நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, கற்பூரம் போட்டுக் காய்ச்சின எண்ணெய். குத்தாலத்துல அருவியில குளிக்கதுக்கு முந்தி மசாஜுக்குத் தேய்க்கது. முன்சீட்டுல ஒருத்தன் உக்காந்தான், வழுக்கித் தரையில போயி இருந்தான். எந்திரிச்சு மறுபடியும் உக்காந்தான், மறுபடியும் வழுக்கிட்டான். படத்துல சிரிப்பு வந்த ஒரே எடம் அதுதான்.”

“பாய், தலைவன் படம்னு எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிட்டு...”

“குளிச்சாத்தான எண்ணெ போவும்? குளிக்கலவே. எவனும் குளிக்கல. நேத்துக் காலைல மெயின் ஃபால்ஸுல ஆர்ச்சத் தாண்டித் தண்ணி வந்துட்டு, குளிக்கத் தடை போட்டுட்டான். அஞ்சருவியும் அடைச்சாச்சு, பழைய குத்தாலமும் அடைச்சாச்சு. தேய்ச்ச எண்ணெயோட அவ்வளவு பேரும் ரோட்டுல நிக்கான். எங்கன போவான்? மழைக்கு ஒதுங்க இங்கன வந்தான். எடவேளையில என் ரூமுக்கு வந்து, ‘சார், பாத்ரூமுல சோப்பு இருக்கா’ன்னு கேட்டானுவ. படம் எப்படின்னு ஒருத்தனும் சொல்லல.”

பெருமாள் அங்கேயே உட்காரப் போனார். எண்ணெய் ஞாபகம் வந்து, நின்றுகொண்டார்.

குற்றாலத்துக்குப் பத்து நிமிட தூரத்தில் உள்ள ஒரு ஸ்டாண்டில் மட்டுமே நடக்கக்கூடிய பிழை இது. சீசனில் கூட்டம் எல்லாம் அருவியில் நிற்கும், தியேட்டர் பக்கம் தலை வைக்காது. அருவியை அடைத்தால்தான் வரும். பெரிய படம் வருகிற வெள்ளியும் அருவி அடைபடுகிற வெள்ளியும் இந்த நாலு வருடத்தில் ஒன்றாக வந்ததில்லை. வந்தால் என்ன ஆகும் என்று எந்தப் புள்ளியியல் வாத்தியாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. உமாராணி சொல்லித்தான் தரப் பார்த்தாள், மூன்று தடவை.

“லாட்ஜுல பூராப் பேரும் படத்துக்குக் கெளம்புதாவ, உங்க கணக்குல சேத்துராதியன்னு சொல்லத்தான போன் போட்டேன்” என்றாள். “நீங்க எடுக்கல. நான் ஒங்க ஃபாலோயர் இல்லலா.”

பெருமாள் அடிக்கட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழு நம்பர் எழுதுகிற பழக்கம் இப்போதுதான் கைகொடுத்தது. வெளியூர் வண்டிகளை ஒவ்வொன்றாக அடித்தார். தென்காசி வண்டியும், செங்கோட்டை வழியாக எப்போதும் வருகிற கேரள வண்டியும் மட்டும் மிஞ்சின. நானூற்று முப்பது. நாலரை லட்சத்தால் பெருக்கினால் பத்தொன்பது கோடியே முப்பத்தைந்து லட்சம். அவருக்கு ஒரு பக்கம் மானம் போயிற்று. இன்னொரு பக்கம் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. வாய்ப்பாடு பிசகவில்லை. பிசகியது ஆள்தான்.

அதற்குள் சென்னையிலிருந்து போன். தயாரிப்பாளர் அலுவலகத்தில் விளம்பரம் பார்க்கிறவராம்.

“சார், ரொம்ப தேங்க்ஸ் சார். நாங்க நாப்பதுன்னுதான் போஸ்டர் அடிச்சு வெச்சிருந்தோம். அதுவே ஜாஸ்தின்னு பயந்துக்கிட்டு இருந்தோம். உங்க எழுபத்து மூணு எண்பதைப் பார்த்ததும் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டாச்சு.”

“ஐயா, அது தப்பு. நெசத்துல பத்தொம்பது முப்பத்தஞ்சு.”

மறுமுனைக் குரல் கனிவோடு சொன்னது: “சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். இப்ப எதுக்கு சார் ஆரம்பிக்கிறீங்க?”

மதியம் போஸ்டர் வந்தது. ‘முதல் நாள் உலக வசூல் 75 கோடிக்கும் மேல்!’ ஒரு கோடியே இருபது லட்சத்தை அவர்கள் சொந்தப் பொறுப்பில் சேர்த்திருந்தார்கள்.

பெருமாள் சும்மா இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. போஸ்டரே அவர் சொன்னதுதான் சரி என்கிறது. ஆனால் அடுத்த வெள்ளி அவர் எந்த முகத்தோடு இன்னொரு தொகையைப் போடுவது? மூன்று மணிக் காட்சிக்கு டோக்கன் கிழித்து முடித்ததும் போட்டுவிட்டார்: ‘நேற்று நான் சொன்ன வசூல் பிழை. அருவியில் குளிக்கத் தடை இருந்ததைக் கவனிக்கவில்லை. சரியான தொகை 19.35 கோடி. மன்னிக்கவும்.’

பொய்யான தொகையை நம்பிய ஒரு லட்சம் பேரில் ஒருவரும் சரியான தொகையை நம்பவில்லை. நடிகரின் ரசிகர்கள், எதிர் நடிகரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். எதிர் நடிகரின் ரசிகர்கள், நேற்று வாங்கின காசு பத்தாமல் இன்று மிரட்டுகிறான் என்றார்கள். டெக்ஸாஸ் வசூலுக்கும் குற்றாலத்து அருவிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நியாயமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். அருவிக்கு அடியில் அவரை நிறுத்தி, மேலேயிருந்து ரூபாய் நோட்டு கொட்டுவதுபோல ஒரு படமும் சுற்றியது. அதை உமாராணி வாட்ஸப்பில் தனக்கு அனுப்பிவைத்துக்கொண்டாள். மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் விலகினார்கள்.

விலகாமல் நேரிலேயே வந்தவன் பிரின்ஸ். தியேட்டருக்கு எதிரே செல்போன் கவர் விற்கிறான். நடிகரின் நற்பணி மன்றத்துக்கு மாவட்டச் செயலாளர்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. எங்க தலைவனுக்குச் சேர வேண்டிய அம்பத்தி நாலு கோடியே நாப்பத்தஞ்சு லட்சத்த எங்கன கொண்டு வச்சிய?”

“ஏலே, இருந்தாத்தானலே கொண்டு வைக்கதுக்கு.”

“நேத்து இருந்துச்சுலா?”

“நேத்து எண்ணெ இருந்துச்சு.”

“சரி, போனது போவட்டும். நாளைக்கு மத்தியானம் டைரக்டர் தியேட்டர் விசிட் வாராரு. டிவிக்காரனுவ வருதானுவ. ஹவுஸ்ஃபுல்லுன்னு மன்றத்துல சொல்லியாச்சு.”

“அருவியத் தொறந்துட்டான்லே.”

பிரின்ஸுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் வந்திருந்தான். மன்றத்துப் பையன்களை அனுப்பி ஐந்தருவியில் ஆள் பிடிக்கப் பார்த்தானாம். இரண்டு நாளாகக் காய்ந்த எண்ணெயோடு காத்திருந்தவர்கள் அருவியை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆகவே அவனிடம் வேறு யோசனை இருந்தது. பழைய பைக் விற்கிற கன்சல்டிங் கடைக்காரர் இருநூறு வண்டி இரவல் தருவார். ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி டோக்கனைச் சொருகிவிட்டால் போதும். கேமரா வெளியேயே திருப்திப்பட்டுவிடும்.

“எரநூறு டோக்கனுக்கும் காசு தந்துருதேன் அண்ணாச்சி. நீங்க நிமிந்து பாக்கக்கூட வேண்டாம்.”

“டோக்கன் கிழிச்சா நான் எண்ணுவேன்லே. எண்ணினா ஒம்பது கோடி கூடும். அந்த ஒம்பது கோடிய நீ எங்கேருந்து கொண்டாருவ?”

“கணக்குல சேக்காதிய.”

“கணக்குல சேராத வண்டி என் ஸ்டாண்டுல நிக்காது. போ, கடையப் பாரு.”

“எழுபத்து மூணு கோடி நட்டாத்துல விட்ட வாய்க்கு இது பெரிய பேச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான் பிரின்ஸ். அது உண்மைதான் என்று பெருமாளுக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு முப்பத்தெட்டு டோக்கன். டிவிக்காரர்கள் கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, மன்றத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரை மூன்று பக்கத்திலிருந்து படமெடுத்தார்கள். இயக்குநர் சுபாஷ் கையசைத்தார். முப்பத்து நாலு வயது, இது இரண்டாவது படம், நாலு நாளாகத் தூங்காத கண்கள். மாலை போட்டார்கள், கத்தினார்கள், டிவிக்காரர்கள் அருவியைப் படமெடுக்கப் போய்விட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இயக்குநர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நேராக ஸ்டாண்டுக்கு வந்தார்.

“வேர்ல்டுவைடு பெருமாள் நீங்கதானே?”

பெருமாள் எழுந்து நின்றார். அடி விழும் என்றால் முன்னாலா பின்னாலா என்று யோசித்தார்.

“சார், நிஜமா எவ்வளவு? புரொடியூசர் ஊருக்கெல்லாம் எழுபத்தஞ்சுன்னு போஸ்டர் ஒட்டுறாரு. நான் பாக்கிச் சம்பளம் கேட்டா, ‘தம்பி, பத்தொன்பதுகூட வரல, நான் தெருவுல நிக்கிறேன்’னு அழுவுறாரு. நான் எதை நம்புறது?”

பெருமாள் அடிக்கட்டைகளை மேசையில் பரப்பினார். அடித்த வண்டிகளைக் காட்டினார். அடிக்காததைக் காட்டினார். நானூற்று முப்பது. எண்ணெய்க் கதையையும் சொன்னார். இயக்குநர் ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“பத்தொன்பது முப்பத்தஞ்சு” என்றார். “அப்ப அந்த மனுஷன் என்கிட்ட உண்மையத்தான் சொல்லியிருக்காரு. சினிமாவுக்கு வந்து பதினோரு வருஷத்துல என்கிட்ட ஒருத்தர் உண்மை சொன்னது இதான் முதல் தடவை. நம்பாம அவரைக் கண்டபடி திட்டிட்டு வந்துட்டேன்.”

“அவரு முப்பத்தஞ்சு லட்சத்தக் கொறச்சுல்லா சொல்லிருக்காரு” என்றார் பெருமாள். கணக்கில் சலுகை காட்டுவது அவர் வழக்கமில்லை.

இயக்குநர் சிரித்துவிட்டார். “நான் உங்களை நம்புறேன் சார்.”

இரண்டு நாளில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்ன ஒரே ஆள். பெருமாள் அவர் கையிலிருந்த மாலையை வாங்கிப் பக்கத்து டிவிஎஸ் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

“டீ அப்புறம். வசூலை விடுங்க, படம் எப்படி சார் இருந்துச்சு? இது வரைக்கும் யாருமே சொல்லல.”

பெருமாள் விழித்தார். ஸ்டாண்டை எடுத்த நாளிலிருந்து அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. படம் ஓடும்போது வண்டியை யார் பார்ப்பது? இதை அவர் சொல்லவே இல்லை, முகமே சொல்லிவிட்டது.

“வாங்க” என்றார் இயக்குநர், தோளில் கை போட்டு. “உள்ள தாராளமா இடமிருக்கு.”

முப்பத்தெட்டு வண்டிகளைப் பாத்திரக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெருமாள் உள்ளே போனார். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் பெருமாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் பாறையைப் பிளந்தான். பாறைக்குள்ளிருந்து கதாநாயகி வந்தாள். இருவரும் பாடினார்கள். பிறகு ஏதோ காரணத்துக்காக இன்னொரு பாறை. சொல்ல வேண்டியதெல்லாம் முதல் நாற்பது நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். பெருமாளுக்கு இரண்டு தடவை கண் சொருகியது. பக்கத்துப் பார்வை இரண்டு தடவையும் எழுப்பியது.

இடைவேளை விளக்கு எரிந்தது. இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எப்படி சார்?”

பெருமாள் அந்தத் தூங்காத கண்களைப் பார்த்தார். ஐந்து சதவீதம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை.

“நல்லாருக்கு தம்பி” என்றார்.

“நிஜமாவா சார்?”

“நல்லா எடுத்திருக்கிய.”

இயக்குநர் அந்த நொடியிலேயே நம்பிவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. இரண்டு பாப்கார்ன் வாங்கி வந்தார். போகும்போது, அடுத்த படம் வருகிற அன்று முதல் ஆளாக உங்களுக்குத்தான் போன் என்று சொல்லிக் காரில் ஏறினார்.

வீட்டில் உமாராணி கேட்டாள்: “டைரக்டர் கூட ஒக்காந்து படம் பாத்தியளாமே? பிரின்ஸு சொன்னான். எப்படி இருக்கு?”

பெருமாள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சொல்லுதேன்” என்றார். “நீ வெளிய எங்கனயும் சொல்லிராத.”